அப்பளத்தில் எழுதிய பெயர்கள்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், 'போதும் அத்தை, போதும்' என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கறித்துண்டுக்கு இலையில் இடம் ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொண்ட மாப்பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கும் கௌரவமாக நடமாடுகிறார்கள். நான் நிறுத்திக்கொள்ளவில்லை. அதனால் ஆலங்குடிப் பக்கம் போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'அப்பள மாப்பிள்ளை' என்று கேட்டுப் பாருங்கள், வண்டியில் ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

அது எங்களுக்குத் தலை கிறிஸ்துமஸ். நானும் என் மனைவி மெர்சியும் திருச்சியிலிருந்து பஸ் மாறிப் போய் இறங்கியபோது, என் சகலை எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். சகலை என்றால் மெர்சியின் அக்கா வீட்டுக்காரர். துபாயில் வேலை. அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியிலிருந்து மடக்கி விரிக்கும் பிளாஸ்டிக் மரம் வந்தது, கலர் கலராக மின்னும் சரம் வந்தது, பொத்தானை அமுக்கினால் இடுப்பை ஆட்டிக்கொண்டே பாடும் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தார். தெருவே திரண்டு வந்து அந்தத் தாத்தாவின் இடுப்பைப் பார்த்துவிட்டுப் போனது.

என் மாமனார் மட்டும் பார்க்கவில்லை. அவர் அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், பார்வைக்கு இல்லை. யார் எதிரே வந்தாலும் 'டிக்கெட் எங்கே?' என்பதுபோல ஒரு பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியது 'வாங்க', 'சாப்பிட்டீங்களா', 'சரி' மட்டும்தான். அவர் எதிரே உட்கார்ந்தால் நான் என்னையறியாமல் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பேன்.

அந்த மனிதரிடம் ஒரு 'பரவாயில்லையே' வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. காசு செலவழித்து சகலையை ஜெயிக்க முடியாது. அதனால் கைவேலையால் ஜெயிப்பது என்று முடிவெடுத்தேன். (கைவேலையில் என் முன்னனுபவம்: ஐந்தாம் வகுப்பில் சார்ட் பேப்பர் வெட்டப்போய் பக்கத்து மாணவன் சட்டையையும் சேர்த்து வெட்டியது.)

போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீடியோ கிடைத்தது. வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே கிறிஸ்துமஸ் அலங்காரம், பரிசுப் பொட்டலம் எல்லாம் செய்வது எப்படி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரே ஒரு சிக்கல், அவர் வீட்டில் இருக்கிற பொருள் எதுவும் என் மாமனார் வீட்டில் இல்லை. அதனாலென்ன? அவர் பைன் மரக் கிளை என்றார், நான் சவுக்குக் கிளை வெட்டிவந்து எண்ணெய் டின்னில் மணல் போட்டு நட்டேன். அவர் சிவப்புப் பழங்களைக் கோத்தார், நான் தோலோடு வேர்க்கடலையைக் கோத்து மாலை கட்டினேன். அவர் எதையோ தூவிப் பனி பெய்ய வைத்தார், நான் மைதாப் பசை காய்ச்சி, கிளை, அத்தை வைத்திருந்த இயேசு பிறப்புக் குடில், ஜன்னல் எல்லாவற்றிலும் பூசி, அதன்மேல் பொரியையும் ரவையையும் அள்ளித் தூவினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பனி மாதிரியே இருந்தது. (ரொம்பத் தூரத்திலிருந்து.)

மூங்கில் குச்சியில் ஒரு நட்சத்திரமும் கட்டி வாசலில் தொங்கவிட்டேன். கணக்கில் எங்கேயோ தவறி அதற்குக் கால்கள் கூடிப்போய்விட்டன. பால் ஊற்ற வந்தவர் அண்ணாந்து பார்த்து, "நண்டு நல்லா வந்திருக்குங்க" என்று பாராட்டினார்.

பிறகு பரிசுகள். எல்லாப் பெட்டியும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தால்தான் பார்க்க லட்சணம் என்று வீடியோ அம்மா சொல்லியிருந்தார். ஜவுளிக்கடையில் கெஞ்சி காலிச் சட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பரிசை வைத்து, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட்டால் சுற்றி, சணலால் கட்டினேன். பெயர்ச் சீட்டுக்கு அந்த அம்மா இஞ்சி பிஸ்கட் சுட்டு அதன்மேல் பெயரை எழுதிக் கட்டினார். பிஸ்கட்டுக்கு எங்கே போவது? சமையலறையில் தேடினேன். வட்டமாக, தட்டையாக, அடுக்கடுக்காக அப்பளம் இருந்தது.

பொரிக்காத அப்பளத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி, ஊசியால் துளை போட்டு நூல் கட்டித் தொங்கவிட்டேன். மாமனாருக்கு 'மாமா'. மாமியாருக்கு 'அத்தை' என்று எழுதாமல் 'அம்மா' என்று எழுதினேன். (ஐஸ் வைக்கத்தான், வேறெதற்கு?)

மெர்சி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, மரத்துல கடலை, ஜன்னல்ல பொரி, பொட்டலத்துல அப்பளம். இது அலங்காரமா, பலகாரமா?"

"கலைக்கண்ணோட பாரு."

"நான் பாக்குறேங்க. கொல்லையில லில்லி நிக்கிது, அது எந்தக் கண்ணோட பாக்கும்னு தெரியலையே."

லில்லி என்பது அத்தையின் வெள்ளாடு. அதோடு நான்கைந்து நாட்டுக்கோழிகளும் உண்டு.

"பேரைப் பெட்டிக்கு உள்ளயும் எழுதி வச்சிருங்க" என்றாள்.

"அழகு கெட்டுரும்" என்றேன்.

கிறிஸ்துமஸ் காலை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினோம். மார்கழி ஈரத்தில் மைதாப் பசை காயாமல் கொழகொழவென்று இருந்தது. கொஞ்சம் காற்றுப் பட்டால் காயுமே என்று, எல்லோரும் வாசலுக்குப் போன பிறகு கொல்லைக் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லையும் அண்டை கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. நானே, என் சொந்தப் புத்தியில், செய்தேன்.

பூசை முடிந்ததும் அத்தை நேரே பங்கு ஃபாதரிடம் போனார். "ஃபாதர், எங்க சின்ன மாப்ள கையாலயே வீடு முழுக்க ஜோடிச்சிருக்காருங்க. அவசியம் வந்து பாக்கணும்" என்றார். கோயில் வாசலில் நின்ற இன்னும் சிலருக்கும் கேட்கும்படி சொன்னார். ஃபாதர் எங்களோடேயே நடந்து வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மாமா பூட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து 'கருக், மொறுக்' என்று சத்தம்.

கூடத்தின் நடுவே லில்லி நின்றது. என் கடலை மாலையில் பாதி அதன் கழுத்தில் கிடந்தது. மீதிப் பாதி வயிற்றுக்குள் இருந்தது. தேர்தலில் ஜெயித்துவிட்டு வந்த வேட்பாளர் மாதிரி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் மென்றது. சவுக்கு மரம் படுத்துக் கிடந்தது. ஜன்னல் பனியை ஒரு சேவல் கொத்தி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. குடிலில் மூன்று ராஜா பொம்மைகளும் குப்புற விழுந்திருக்க, வைக்கோல்மேல் ஒரு கறுப்புக் கோழி குண்டாக உட்கார்ந்திருந்தது. மாலையைத் தட்டிப் பறிக்கும் வேகத்தில் ஆடு பொத்தானை மிதித்திருக்க வேண்டும், கிறிஸ்துமஸ் தாத்தா இதற்கெல்லாம் நடுவில் இடுப்பை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அவர்மேலும் பிளாஸ்டிக் மரத்தின்மேலும் ஒரு கீறல் இல்லை.

ஃபாதர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"தொழுவம்னா இப்படித்தானே இருந்திருக்கும்? ஆடு, கோழியெல்லாம் உயிரோட வச்சு யாரும் செஞ்சதில்லை. தத்ரூபம்!"

அந்தப் பேச்சுக்கு மரியாதை செய்வதுபோலக் கறுப்புக் கோழி எழுந்தது. வைக்கோலில் ஒரு முட்டை. அத்தை ஒன்றும் நடக்காததுபோல அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "உக்காருங்க ஃபாதர், டீ கொண்டாரேன்" என்றார்.

மெர்சியும் அவள் அக்காவும் ஆட்டை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். நான் பரிசுப் பெட்டிகளிடம் ஓடினேன். பெட்டிகள் பத்திரமாக இருந்தன. அப்பளங்கள் இல்லை. வெறும் நூல்கள் தொங்கின. ஒரே ஒரு பெட்டியில் மட்டும் ஆடு கடித்து மிச்சம் வைத்த அப்பளத் துண்டு. அதில் 'மா' என்று ஓரெழுத்து.

அப்போதே உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சகலை அங்கே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் எதிரே தோற்பதா? பெட்டிகளைத் தூக்கி, குலுக்கி, எடை பார்த்து, ஏதோ தெரிந்தவன்போலப் பிரித்துக் கொடுத்தேன். 'மா' இருந்த பெட்டியை மட்டும் முழு நம்பிக்கையோடு மாமாவின் கையில் வைத்தேன்.

முதலில் ஃபாதர் பிரித்தார். உள்ளே டஜன் கண்ணாடி வளையல். மெர்சியின் அக்காவுக்கு வாங்கியது. ஃபாதர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல கலர். மாதாவுக்குப் போட்டுருவோம்" என்றார். (ஃபாதருக்குப் பரலோகத்தில் நல்ல இடம் உண்டு.)

ஃபாதருக்கென்று வாங்கிய ஜெபமாலை சகலைக்கு வந்தது.

"என்ன சகல, துபாய்ல நான் ஜெபம் பண்றதில்லைன்னு யாரும் சொன்னாங்களா?"

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு" என்றேன்.

அத்தை பிரித்தார். உள்ளே ஷேவிங் செட். பிரஷ், கிரீம், ரேசர் எல்லாம் வரிசையாக. அத்தை அதைப் பார்த்தார். மெதுவாகக் கையை உயர்த்தித் தன் மோவாயைத் தடவினார். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் உடைந்து கேட்டார்:

"ஏண்டி மெர்சி, எனக்கு அம்புட்டாடி வெளிய தெரியுது?"

"ஐயோ அத்தை, அது சகலைக்கு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் மாமாவின் பெட்டி திறந்துவிட்டது.

அவர் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். ஊதாப்பூப் போட்ட நைட்டி. கழுத்தைச் சுற்றி லேஸ், முன்னால் சின்னதாக ஒரு ரிப்பன் முடிச்சு. 'மா' என்பது 'மாமா'வின் தலை அல்ல, 'அம்மா'வின் வால் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

மாமா என்னைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் டிக்கெட் இல்லாதவர்களைப் பார்த்துப் பழகிய பார்வை. நைட்டியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"முடிஞ்சுச்சு. பையை எடுத்து வச்சிரு, பஸ் எத்தனை மணிக்கு?" என்று திரும்பி வந்திருந்த மெர்சியிடம் முணுமுணுத்தேன்.

"பேசாம இருங்க. எங்கப்பா கோவப்பட்டா அங்கிட்டுப் போயி தண்ணி குடிச்சிட்டு வருவாரு. வந்ததும் கால்ல விழுந்துருங்க."

காலில் விழ வசதியாக நான் கதவருகே போய் நின்றேன். கதவு திறந்தது. குனிந்தேன். குனிந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது ஊதாப்பூ.

வேட்டிமேலேயே நைட்டியை மாட்டிக்கொண்டு மாமா வந்து நின்றார். மேலே நரைத்த மீசை, கீழே ரிப்பன் முடிச்சு. விறைப்பாக நடந்துபோய் ஃபாதருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பி, அதே பரிசோதகர் குரலில் சொன்னார்:

"காத்தோட்டமாத்தான்டி இருக்கு. இத்தனை வருசமா இதை நீ மட்டும் போட்டுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

ஃபாதர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த வளையல்கள் கலகலவென்று குலுங்கின. சகலை தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை ஷேவிங் பிரஷ்ஷால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவின் முகத்தில் மட்டும் ஒரு அசைவு இல்லை. ஆனால் தோள் குலுங்கியது. அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மாப்ள" என்றார் என்னைப் பார்த்து. "நிக்கிறீங்களே. இங்கிட்டு வந்து உக்காருங்க."

'வாங்க', 'சாப்பிட்டீங்களா', 'சரி'யைத் தாண்டி அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் பிரியாணிக்கு மட்டும் அப்பளம் இல்லை, சமையலறையில் மிச்சமிருந்த அடுக்கையும் லில்லி விட்டுவைக்கவில்லை. அத்தை எல்லோருடைய இலையையும் பார்த்துவிட்டு, "லில்லியைத்தான் பொரிக்கணும்" என்றார்.

அந்த நைட்டியை மாமா திருப்பிக் கொடுக்கவே இல்லை. வெயில் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறார் என்று அத்தை சொல்கிறார், மாமா மறுப்பதில்லை. இப்போதெல்லாம் டிசம்பர் பிறந்தால் திருச்சிக்கு அவரிடமிருந்து ஒரு போன் வரும். சுகம் விசாரிப்பதற்கு முன்பே முதல் கேள்வி:

"மாப்ள, இந்த வருசம் எனக்கு என்ன கலரு?"

போன வருசம் அவர் கேட்டபோது, 'மஞ்சள்' என்றேன்.

"மஞ்சள் எனக்கு எடுக்காது மாப்ள" என்றார்.