ஒன்பது பல்லும் ஒன்பது குழியும்

உலகத்தில் பொருந்திடும்காரர் என்று ஓர் இனம் உண்டு. இவர்களுக்குத் தனி ஊர் கிடையாது, தனி உடுப்பு கிடையாது. ஒரு கையில் டப்பாவையும் மறு கையில் மூடியையும் பிடித்துக்கொண்டு, இது அதற்குச் சேருமா என்று நீங்கள் ஒரு நொடி தயங்கினால் போதும், கறிக்குழம்பு வாசனை பிடித்த பூனை மாதிரி அவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். டப்பாவை வாங்குவார். மூடியை வாங்குவார். ஒற்றைக் கண்ணை மூடி, இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு, "அதெல்லாம் பொருந்திடும்" என்பார்.

பொருந்துமா? என்றைக்காவது பொருந்தியிருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள்.

இறுக்கமாக இருந்தால், "புதுசு அப்படித்தான் இருக்கும், போகப் போக எளகிக்கும்" என்பார். தொளதொளவென்று இருந்தால், "ஒரு துணியைச் சுத்தி விடுங்க" என்பார். கழன்று கீழே விழுந்தால் தரை சரியில்லை. உடைந்தால் செய்தவன் சரியில்லை. கடைசிவரை, தாம் சொன்னது சரியில்லை என்ற ஒன்று மட்டும் அவர் வாயில் வராது. குக்கர் வளையம், கொசுவலை, சைக்கிள் பெடல், கிணற்று மோட்டாரின் நட்டு, செத்துப்போன சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடி என்று எதைக் கொடுத்தாலும் எதனோடாவது சேர்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

இந்த இனத்தின் அசல் வித்து எங்கள் காரிமங்கலத்தில்தான் இருக்கிறது. பெயர் பச்சியப்பன். தொழில் மாட்டுத் தரகு. ஒற்றைக் காளையை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறவனுக்கு அதே உயரம், அதே நிறம், அதே கொம்பில் இன்னொன்றைத் தேடி ஜோடி சேர்த்துவிடுவதில் அவரை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் மாட்டோடு நின்றாரா? நிற்பாரா?

என் பேத்தி பிலோமினா பெங்களூரில் அத்தை வீட்டில் தங்கி ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாள். எண்பத்தொன்பதாம் வருஷம், எங்கள் ஊரில் டீவி இருக்கிற வீட்டையே விரல் விட்டுச் சொல்லலாம். அவளுக்கோ, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வெங்கடாசலத்தின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் சொல்லித் தரும் நிலையம் போட வேண்டும் என்று ஆசை. கம்பெனிப் பெட்டி வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. சாமான் சாமானாக வாங்கி நாமே கூட்டிக்கொண்டால் பாதிக்கும் குறைவாக முடியும் என்றாள். கூட்டவும் அவளுக்குத் தெரியும்.

வெங்கடாசலம் ஒரு நிபந்தனை போட்டார். "தர்மபுரியில ஒருத்தன் இந்த மாதிரிப் பொட்டி வாங்கி, அது எரியாம, துணி போட்டு மூடி வெச்சிருக்கான்மா. ஞாயித்துக்கிழமை நான் வருவேன். என் பேரை அது எழுதிக் காட்டட்டும், சாவியக் குடுக்குறேன். இல்லாட்டி ரூம்பு தையக்காரருக்கு."

தையல்காரர் எதிர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு, அறையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பெங்களூர் புறப்பட்டோம். நானும் பிலோவும். பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தால், ஜன்னலோரம் பச்சியப்பன்.

"நீங்க எங்கப்பா?"

"என்னாங்க ஆத்தா இப்படிக் கேக்குறீங்க? பொம்பளைங்க ரெண்டு பேரு போயி சாமான் வாங்குனா தலையில கட்டிடுவான். எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. ஜோடி சேக்குறத என் கையில வுடுங்க."

எஸ்.பி. ரோடு என்பது சந்தைதான், மாட்டுக்குப் பதில் கம்பியும் பெட்டியும். ஒரு கடையில் பிலோ எல்லாம் சொல்லிச் சொல்லி எடுத்தாள். எங்களுக்குக் கட்டுப்படியான மானிட்டர் ஒற்றைப் பச்சை நிறத்தில் எழுத்துக் காட்டுவது. பெட்டிக்குள் சொருகி அந்த மானிட்டரை மாட்டுகிற கார்டு ஒன்று வேண்டும். அதில் இரண்டு ரகம். ஒற்றை நிற மானிட்டருக்கு ஒன்று, கலர் மானிட்டருக்கு ஒன்று. ஒற்றை நிறக் கார்டைக் கடைக்காரர் தனியாக எடுத்து வைத்தார். ஃப்ளாப்பி சரியாக ஓடுகிறதா என்று பார்த்து வாங்க பிலோ அடுத்த கடைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பச்சியப்பன் துண்டை உதறினார்.

"கலர் இருக்கும்போது எதுக்கு ஒத்த நெறம்? கலர் கார்டப் போட்டா பச்சையும் கலராயிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மானிட்டரின் கம்பி முனையைப் பிடித்துத் திருப்பி, மாட்டின் வாயைப் பிளந்து பார்ப்பது மாதிரி பார்த்தார். எண்ணினார். கலர் கார்டின் முகத்தைப் பார்த்தார். எண்ணினார்.

"பல்லு ஒம்பது. குழி ஒம்பது. இதுக்கு மேல என்னா பொருத்தம் வேணும் ஆத்தா?"

கடைக்காரர் பதறிப்போய், "ஆகல்ல, ஆகல்ல! இதக்கே அது ஆகல்ல!" என்றார். ஆகாது என்று கன்னடத்தில் அடித்துச் சொல்கிறார்.

இங்கேதான் இந்த இனத்தின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் கவனிக்க வேண்டும். சந்தையில், "இந்த மாடு உன் மாட்டுக்கு ஜோடி ஆகாது" என்று விற்கிறவன் சொன்னால், விலையை ஏற்றப்போகிறான் என்று அர்த்தம். முப்பது வருஷமாகப் பச்சியப்பன் கேட்ட 'ஆகாது' எல்லாம் அந்த 'ஆகாது'தான். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பேரம் ஆரம்பிச்சிட்டான்" என்று என் காதில் சொல்லிவிட்டு, கடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்து, மாட்டுச் சந்தை வழக்கப்படி அதன் மேல் தம் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்தார்.

அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்! துண்டுக்குள் தம் விரல் எதற்கு முறுக்கப்படுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "ஆகல்ல" என்று கத்துவார். பச்சியப்பன் ஒரு விரலை மடக்குவார். மறுபடியும் "ஆகல்ல" என்பார். இன்னொரு விரலும் மடங்கும். கடைசியில், கையைத் திரும்ப வாங்கினால் போதும் என்று, ஒற்றை நிறக் கார்டின் விலைக்கே கலர் கார்டைக் கொடுத்து, "நிம் இஷ்டா" என்று கும்பிட்டுவிட்டார். உங்கள் இஷ்டம் என்று பொருள். பச்சியப்பனுக்கு அது ஆசீர்வாதம்.

பிலோ திரும்பி வருவதற்குள் எல்லாம் சாக்கில் போட்டுத் தைத்தாகிவிட்டது.

"மாமா, நான் சொன்ன கார்டுதானே?"

"அதவிட ஒசத்தி."

ஓசூர் தாண்டும்வரை அந்த உசத்தியை அவர் வயிற்றில் அடக்கி வைத்திருந்தார். அதற்கு மேல் பெருமை தாங்கவில்லை, சொல்லிவிட்டார். பிலோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மாமா, பல்லு ஒண்ணா இருந்தாப் போதாது. இது அனுப்புறது வேற, அது வாங்குறது வேற. மாட்டுனா மானிட்டரே எரிஞ்சிடும்."

"பயப்படாதம்மா. மொதல்ல முட்டும், மெரளும். ஒரே நொகத்துல பூட்டி நாலு சால் ஓட்டுனா பழகிக்கும்."

வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கூட்டி, கலர் கார்டை மட்டும் மாட்டாமல் வெளியே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள் பிலோ. முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. சொருகினார், மாட்டினார், சுவிட்சைப் போட்டார். மானிட்டரில் பச்சைக் கோடுகள் சாய்ந்து சாய்ந்து ஓடின. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஊளையிட்டது. பிலோ சோப்பு முகத்தோடு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"பாடுது" என்றார் பச்சியப்பன்.

"அழுவுது மாமா" என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். மானிட்டர் பிழைத்ததா செத்ததா என்று பார்க்கச் சரியான கார்டு வேண்டும். அது பெங்களூரில் இருக்கிறது. விற்ற சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது என்று அந்தக் கடையில் பலகையே மாட்டியிருந்தது.

அவள் அழுததைப் பார்த்ததும் பச்சியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "என் கையால போன மாடு. நானே திருப்புறேன். கொறை உள்ள மாட்ட அடுத்த சந்தைக்குள்ள திருப்பலாம், அது வழக்கம். பலகையெல்லாம் அசலூர்க்காரனுக்கு."

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். கடைக்காரரிடம் சந்தை வழக்கத்தை விளக்கி, அவரும் மனம் நெகிழ்ந்து மாற்றிக் கொடுத்ததாகப் பச்சியப்பன் சொல்கிறார். பிலோ சொல்வது வேறு. கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவரை எல்லாம் கும்பிட்டு, "நல்ல கடைங்க, தங்கமான மனுசன், ஆகாதத வித்தாலும் மறுநாளே மாத்திக் குடுத்துடுவாரு" என்று கன்னடத்தில் ஒருவர் விடாமல் புகழ்ந்தாராம். நான்காவது ஆள் படியேறாமல் திரும்பியதும் கடைக்காரர் கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னறையில் மேஜை, மேஜை மேல் பெட்டி, வாசலில் பாதி ஊர். வெங்கடாசலம் இடுப்பில் சாவியோடு நடுவில் நின்றார். தையல்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வாசற்படிக்கே வந்துவிட்டார்.

பிலோ சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். ஓடுகிற கோடு இல்லை, கீச்சுச் சத்தம் இல்லை. மானிட்டர் பிழைத்திருந்தது! எழுத்து எழுத்தாகப் பச்சையில் பூத்தது. கூட்டம் ஓவென்றது.

"என்னாம்மா கேக்குது?" என்றார் வெங்கடாசலம்.

"இன்னைக்கி என்னா தேதின்னு கேக்குதுங்க."

"பதினெட்டு!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார் ஒருவர். "பத்தொம்பதுடா!" என்று திருத்தினார் இன்னொருவர். வாசலில் தேதிச் சண்டை ஆரம்பித்துவிட்டது.

பிலோ தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். கம்பியைக் கழற்றி மாட்டித் தட்டினாள். பெட்டி தேதி கேட்டது கேட்டபடி நின்றது. அவள் நெற்றியில் வேர்த்துவிட்டது. கீபோர்டு ஊமை. வெங்கடாசலத்தின் கை இடுப்புச் சாவியை இன்னும் ஆழமாகச் சொருகியது. தையல்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் பச்சியப்பன். "அதெல்லாம் பொருந்திடும், தள்ளுங்க."

"மாமா, சாமி சத்தியமா தொடாதீங்க!"

அவர் கேட்பாரா? கீபோர்டைத் தூக்கினார். குப்புறக் கவிழ்த்தார். எந்த மாட்டையும் வயிற்றுச் சுழி பார்க்காமல் அவர் விட்டதில்லை. விரலால் தடவிக்கொண்டே போனவர் நின்றார். "இங்க ஒரு சுழி இருக்குதே. இது எந்தப் பக்கம் இருக்கணும்?"

பிலோ குனிந்து பார்த்தாள். வயிற்றில் சிறிய குமிழ் ஒன்று, இரண்டு பக்கமும் தள்ளுகிற மாதிரி. பழைய ரகப் பெட்டிக்கு ஒரு பக்கம், புது ரகப் பெட்டிக்கு மறு பக்கம். அவள் பெங்களூரில் பழகிய கீபோர்டில் இது கிடையாது. எங்களுடையது பழைய ரகப் பெட்டி. குமிழோ புதுப் பக்கத்தில் இருந்தது. நகத்தால் தள்ளினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். அது மறுபடி தேதி கேட்டது. தட்டினாள். விழுந்தது! அடுத்து வெங்கடாசலத்தின் பெயர், ஒவ்வோர் எழுத்தாக, பச்சைப் பசேலென்று, ஊரே பார்க்க விழுந்தது. அவர் இரண்டு முறை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சாவியைப் பிலோவின் உள்ளங்கையில் வைத்தார். தையல்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டிய மனிதருக்கு, அன்றைக்குத்தான் கெட்டிக்காரர் என்ற பட்டம் வந்தது. இப்போது மத்தியானத்தில் பச்சியப்பன் அந்த நிலையத்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "நான் அன்னைக்கே சொன்னேன், பொருந்திடும்னு" என்கிறார். எது பொருந்தும் என்று சொன்னார், எது பொருந்தியது என்று ஊரில் யாருக்கும் இப்போது ஞாபகம் இல்லை. இப்படித்தான் இந்த இனம் பெருகுகிறது: பத்துத் தடவை தப்பி, பதினோராவது தடவை பொருந்திவிடுகிறது. அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு மீதி ஆயுளை ஓட்டிவிடுகிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே உங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். சர்க்கரை டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு மூடி, அது எந்த டப்பாவினுடையது? அதை அங்கே வைத்து, உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, அன்றைக்கு நீங்கள் சொன்னது என்ன?