மாணவர் தரப்பில் ஒருவர் பேசுவார்

குறை சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். நாலு பேர் கூடி நின்று விரிவுரையாளரைத் திட்டும்போது எல்லாரிலும் பார்க்கச் சத்தமாகத் திட்டுகிறவன் ஒருவன் இருப்பான். அந்தத் தகுதி இல்லாத ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். இதை நான் அடித்துச் சொல்வேன். கம்பஸில் ஒன்றாகச் சேர்ந்த எங்கள் பட்சில் அந்தச் சத்தக்காரன் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. ஸ்கந்தபுரத்தில் போத்தல் விளக்கில் படித்து, வவுனியாவில் கம்பஸுக்கு எடுபட்டு வந்திருந்தேன். பல்கலைக்கழகம் என்றால் மணிக்கூட்டுக் கோபுரம், அகலமான படிகள், கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் என்று மனதில் ஒரு படம் கீறி வைத்திருந்தவனுக்கு, அரைச்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு நீளக் கட்டடத்தைக் காட்டி இதுதான் விரிவுரை மண்டபம் என்றார்கள். ஊரில் எங்கள் மாட்டுக் கொட்டிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொட்டிலில் ஆங்கிலத்தில் பாடம் நடப்பதில்லை, அவ்வளவுதான்.

பாடங்களில் கொடியது புள்ளிவிபரவியல். அதைப் படிப்பித்தவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சராசரி சேர். தங்கமான மனிதர். ஆனால் கரும்பலகையோடு மட்டும்தான் கதைப்பார். அவருடைய முதுகு எங்களுக்கு நல்ல பழக்கம். முகத்தைச் சந்தையில் கண்டால் மட்டுக்கட்டியிருக்க மாட்டோம். வகுப்பும் மத்தியானச் சோறு தின்ற கையோடு, தகரம் கொதிக்கிற நேரத்தில். மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவர் சொல்வது ஒன்றும் கேட்காது. மாரி காலத்தில் எங்களுக்கு அந்தப் பாடத்தில் பிடிப்பு வந்ததற்கு அதுதான் காரணம்.

இந்த நேரத்தில், கொழும்பிலிருந்து பேராசிரியர்கள் சிலர் வரப்போகிறார்கள் என்று கதை வந்தது. படிப்பு எப்படி நடக்கிறது, என்ன குறை என்று மாணவர்களிடமே நேரில் கேட்பார்களாம். ஒவ்வொரு பட்சிலும் ஒருவர் பேச வேண்டுமாம்.

கன்ரீனுக்குப் பின்னால் கூட்டம் போட்டோம். ஆளுக்கு ஆள் குறைகளை அள்ளிக் கொட்டினார்கள். நூலகத்தில் புத்தகத்தைவிட அலுமாரி கூட. வகுப்புக்குள் ஆடு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சராசரி சேர். இவ்வளவையும் ஒழுங்குபடுத்தி, அழகான ஆங்கிலத்தில் ஒரு பேச்சாக்கித் தந்தவள் யசிந்தா. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிற குடும்பம். கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம். நாக்கில் கொஞ்சம் உப்புக் கூட. நியாயப்படி அவள்தான் பேசியிருக்க வேண்டும். ஆனால் பொம்பிளைப் பிள்ளையை முன்னுக்கு விட்டால் மற்றப் பட்சுகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் என்று ஒரு மேதை எழும்பிச் சொன்னான். (மேதையின் பெயர் இங்கே தேவையில்லை. ஸ்கந்தபுரத்துக்காரன்.)

அந்த மேதைக்கு ஆங்கிலம் தெரியும் என்று பட்ச் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ போட்டு ஆங்கிலச் செய்தி கேட்டவன் நான் என்று வந்த முதல் கிழமையே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். கேட்டேன் என்றுதான் சொன்னேன். விளங்கியதா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

யசிந்தாவுக்கு மட்டும் சந்தேகம்.

"சரி, நீரே பேசும். ஆனா இந்த ரெண்டாவது வசனத்துக்கு என்ன கருத்தெண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

"கருத்தெல்லாம் அங்க போனாத் தன்பாட்டில வரும்," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேச்சுத் தாளை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு பாடமாக்கல்தான். கிணற்றடியிலும் பேச்சு, பாண் கியூவிலும் பேச்சு. அர்த்தம் தெரியாத சொற்களைப் பாடமாக்குவதில் ஒரு வசதி, நடுவில் யோசனை வந்து குழப்பாது. 'அன்சற்றிஸ்பாக்ரறி' என்ற ஒரு சொல் மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி மாதிரிப் பாடுபடுத்தியது. அதற்குப் போதாது, காணாது என்று கருத்து என்பதை அறைத்தோழனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழுப் பேச்சிலும் எனக்கு அர்த்தம் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

அந்த நாளும் வந்தது. காலில் இரவல் சப்பாத்து, கழுத்தில் இரவல் ரை. சப்பாத்து எனக்குப் பெரிது, ரை முடிச்சோ தொண்டைக்குள் போகப் பார்த்தது. மேசைக்கு வெள்ளை விரித்து, அதன் பின்னால் பேராசிரியர்கள் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில், வந்தவர்களுக்குச் சோடா ஊற்றிக் கொடுத்தபடி, ஒருவர். முகத்தைப் பார்த்து ஆளை அறிய முடியவில்லை. இன்னொரு கிளாஸ் எடுக்க அந்தப் பக்கம் திரும்பினார். முதுகு தெரிந்தது. சராசரி சேர்.

திரும்பவும் இந்தப் பக்கம் திரும்பி, எனக்கும் ஒரு கிளாஸ் தந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். பாவம், நல்ல முகம்.

பரவாயில்லை, ஆங்கிலத்தில்தானே சொல்லப் போகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, "ரெஸ்பெக்ரட் புறொபெசர்ஸ்" என்று தொடங்கினேன். நடுவில் இருந்த நரைத்த பேராசிரியர் கையைத் தூக்கினார். அவர் தமிழர்.

"தம்பி, ஏன் கஷ்டப்படுறீர்? தமிழிலயே சொல்லும். இவைக்கு நான் விளங்கப்படுத்துறன்."

உதவி செய்கிறாராம்.

ஆங்கிலத்தில் குறை சொன்னால் அது அறிக்கை. தமிழில் சொன்னால் அது கோள். சேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தந்த சோடாவையும் குடித்துவிட்டு, நீங்கள் படிப்பிப்பது விளங்கவில்லை என்று தாய்மொழியில் சொல்ல எனக்கு வாய் வருமா? அதோடு, பேச்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே தமிழில் சொல்ல!

வகுப்பறைகள் எப்படி என்று கேட்டார். நல்ல காற்றோட்டம் என்றேன். நூலகம் எப்படி என்றார். அமைதியான இடம், சனக்கூட்டமே இல்லை என்றேன். புள்ளிவிபரவியல் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். நேரம் போவதே தெரியாது என்றேன். (நித்திரையில் எப்படித் தெரியும்?) பின் வரிசையில் எங்கள் பட்ச் பல்லை நறும்புவது எனக்குக் கேட்டது. யசிந்தா இரண்டு தரம் செருமினாள்.

பேராசிரியர் பேனையைக் கீழே வைத்தார்.

"எல்லாம் திறமெண்டால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்ததுக்கு என்ன பலன் தம்பி? பயப்பிடாமல் ஒரு குறையாவது சொல்லும்."

அந்தச் செருமல் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. இந்த ஒரு இடத்திலாவது ஆம்பிளையாக நடப்போம் என்று முடிவெடுத்தேன். கருத்துத் தெரிந்த அந்த ஒரே சொல்லைத் தமிழில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"சேரின்ர வகுப்பு எங்களுக்குக் காணாது."

கண்ணைத் திறந்தேன். பேராசிரியரின் முகம் மலர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் வியந்து தலையாட்டினார்கள். சராசரி சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை வருசம் படிப்பிக்கிறன். ஒரு பிள்ளையும் இப்பிடிக் கேட்டதில்லை," என்றார்.

நான் தரம் காணாது என்று சொல்ல, அவர்கள் நேரம் காணாது என்று விளங்கிக்கொண்டார்கள். இல்லை சேர், நான் அப்படிச் சொல்லவில்லை என்று அந்த ஈரக் கண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடிய வீரன் யாராவது இருந்தால் வாருங்கள், காலில் விழுகிறேன்.

அடுத்த கிழமை அறிவித்தல் பலகையில் போட்டார்கள். மாணவர்களின் வேண்டுகோளுக்கிணங்க, சனிக்கிழமை காலையில் புள்ளிவிபரவியல் மேலதிக வகுப்பு.

சனிக்கிழமைதான் உடுப்புத் தோய்க்கிற நாள், வவுனியாவில் தங்கவும் நடமாடவும் வேண்டிய பாஸுக்கு அலைகிற நாள், நித்திரை கொள்கிற நாள். பட்ச் என்னோடு கதைப்பதை நிறுத்தியது. கன்ரீனில் நான் போய் இருந்த மேசை எழும்பிப் போனது. அறைத்தோழன், ஊரில் எனக்கு ரேடியோ தந்தவனை உதைக்கத் தேடிக் கொண்டிருப்பதாகச் சொன்னான்.

இதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் சராசரி சேர் பலகையை விட்டுத் திரும்பி, எங்கள் முகத்தைப் பார்த்துப் படிப்பித்தார். தன் வகுப்பை விரும்பிக் கேட்ட பிள்ளைகள் அல்லவா! விளங்கவில்லை என்றால் தமிழில் திருப்பிச் சொன்னார். அந்த முறை புள்ளிவிபரவியலில் எங்கள் பட்ச் முழுக்கப் பாஸ். அதற்காக ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. தோய்க்காத உடுப்போடு பாஸ் பண்ணியது யாருடைய குற்றம் என்று கேட்டார்கள்.

யசிந்தா மட்டும் ஒருநாள் நூலகத்தில், அந்த அமைதியான இடத்தில், என்னிடம் வந்தாள்.

"இனிமேல் நான் பக்கத்தில நிக்கேக்குள்ள நீர் வாய் திறக்கப்படாது."

திட்டு விழுகிறது என்றுதான் அன்று நினைத்தேன். கலியாணத்துக்கு அது முதல் நிபந்தனை என்று விளங்கச் சில வருடம் எடுத்தது.

போன மாதம் பல்வலி. முகம் வீங்கி, யசிந்தாவும் மகளும் காவலுக்கு வர, பல் வைத்தியரிடம் போனேன். எந்தப் பல் என்று அவர் என்னைத்தான் கேட்டார். நான் சொல்ல வாயெடுக்க முதல் யசிந்தா முன்னுக்கு வந்தாள்.

"இவரைக் கேக்காதேங்கோ டொக்டர். ஒரு பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்து, பல்லுக் காணாதெண்டு இன்னொண்டு கட்டுவிச்சுக்கொண்டு போவார். கீழ, இடப்பக்கம், கடைசிக்கு முதல் பல்லு."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குலுங்கினாள். டொக்டர் அந்தப் பல்லில் ஒரு தட்டுத் தட்டினார்.

அதேதான்.