ஏழடிப் பலகையில் நான் போட்ட தெரு

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த என் தங்கை மகளுக்கு, உன் ஒரே தாய்மாமனும் கட்டடத் தொழிலில் நாற்பது வருடம் கொடி கட்டிப் பறந்தவனுமாகிய நான் நலம் விசாரித்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் உன் அப்பாவும். மூன்றாவதாக ஓர் எஞ்சின் இருக்கிறது. அதன் உடல்நிலை பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். கையெழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் அது இந்த மேசைக் கால் செய்த வேலை என்று கொள்ளவும்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. அம்மா போனதிலிருந்து எட்டு மாதமாக அப்பா வாசற்படி தாண்டவில்லை, இந்த மாதக் கடைசிக்குள் அவர் வெளியே நடமாடவில்லை என்றால் நானே வந்து என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், இங்கே அந்த ரயில் பலகைக்கு இடமில்லை, அதைப் பிரித்துக் கட்டி வையுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். மருமகளே, பெண்பிள்ளை அழுதுகொண்டு எழுதினால் மை பரவும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முப்பத்து நாலு வருடம் ரயில்வே யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்த்த மனுஷர் அவர். அதையே முன்னறையில் ஏழடி நீளம், ஒன்றரை அடி அகலப் பலகையில் பொம்மை அளவில் செய்து வைத்திருக்கிறார். ஒரு எஞ்சின், ஆறு வேகன், மூன்று கிளைப் பாதை. காலையில் ஆறையும் ஒரு வரிசையில் கோப்பார், மாலையில் கலைத்து வேறு வரிசையில் கோப்பார். அதைப் பிரித்துக் கட்டுவதும் அவரைப் பிரித்துக் கட்டுவதும் ஒன்றுதான். ஆகவே பொறுப்பை நான் கையில் எடுத்தேன்.

எனக்கா நேரமில்லை? நாள் தவறாமல் கட்டட முதலாளிகள் ஆள் அனுப்பிக் கெஞ்சுகிறார்கள், போன வாரம்கூட ஒருவர் கார் அனுப்பினார், போதும் சாமி, எனக்கும் ஓய்வு வேண்டாமா என்று நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னேன்: "மாப்பிள, ஆள் வெளிய போகலன்னா போகட்டும், ரயிலயாவது வெளிய அனுப்புங்க. யார்டுக்குள்ளயே எவ்வளவு நாள் முட்டிக்கிட்டுக் கிடக்கும்? ஒரு தெரு போட்டு, தெரு நடுவுல தண்டவாளத்த விட்டு, அந்தக் கடைசில மாவு மில்லு ஒண்ணு வைப்போம்." அவர் அப்படியே பிரமித்துப் போய், "தெரு போட எனக்குத் தெரியாதே மச்சான்" என்றார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். எட்டாம் வகுப்பில் உனக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியாரே சொல்லி அனுப்பினார்.

பூச்சு மாவில் கரித்தூள் கலந்து, தார் நிறத்துக்குக் கொண்டுவந்து, என் சின்னக் கரண்டியால் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் நடுவிலும் இழைத்தேன் பார், கண்ணாடி தோற்றது. தண்டவாளத்தின் தலையும் தெருவும் ஒரே மட்டம், எறும்பு நடந்தால்கூட இடறாது. ரோடு என்றால் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வடியும். அந்த வாட்டமும் கொடுத்தேன். "இந்த ரூமுக்குள்ள எங்க மச்சான் மழை பெய்யுது?" என்று உன் அப்பா கேட்டார். தொழில் தெரியாதவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. புதுப் பூச்சு என்றால் ஈரச்சாக்கு போர்த்தி ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். இது நாற்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகும். உன் அப்பா கண் அயர்ந்த நேரம் பார்த்துக் காலையும் மாலையும் ஒரு செம்புத் தண்ணீர் விட்டேன். மின்சாரம் ஓடுகிற தண்டவாளம் ஆயிற்றே என்று நீ கேட்கலாம். தண்ணீர் பட்டால் மின்சாரம் குளிர்ந்து இன்னும் சுறுசுறுப்பாக ஓடும் என்பது என் கணக்கு.

நான்காம் நாள் உன் அப்பா சுவிட்சைப் போட்டார். பக்கத்திலிருந்த கரண்டுப் பெட்டி ஒரு முனகல் முனகி, பல்லி வறுத்த மாதிரி ஒரு வாடை விட்டது. எஞ்சின் ஒரு முக்கு முக்கியது. சக்கரத்தின் உள் விளிம்பு இறங்குவதற்குத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பள்ளம் வேண்டுமாம். அதைத்தான் நான் கண்ணாடியாக இழைத்து மூடியிருந்தேன். ஆகவே எஞ்சின் தண்டவாளத்தை விட்டுத் தெருவில் ஏறி, வாட்டத்தில் சறுக்கி, தெருவோரத்தில் நான் அட்டைப்பெட்டியில் செய்து வைத்திருந்த பேக்கரிக்குள் நேராகப் புகுந்து நின்றது. அடிப்பலகை வேறு தண்ணீர் குடித்து ஒட்டக முதுகாக உப்பிவிட்டதால், யார்டில் நின்ற ஆறு வேகனில் இரண்டு யாரும் தள்ளாமலே அதன் பின்னால் போய்ச் சேர்ந்தன. மருமகளே, கரண்டே இல்லாமல் ரயில் ஓடியது உலகத்தில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு அதன் அருமை தெரியவில்லை.

"யோவ் மச்சான்! கண்ணாடி மாதிரி இழைச்சு மூடி வச்சிருக்கீரே, பள்ளம் எங்கய்யா?"

"எந்த ஊர் ரோட்டுல பள்ளம் விடுவான்? வண்டி போக வேணாமா?"

"ரயில் போக வேணாமா?"

"நான் போட்ட ரோட்டுல குறை சொன்ன மொத ஆள் நீங்கதான்!"

"மத்தவன்லாம் அதுல ரயில் ஓட்டல!"

மூன்று தெரு தள்ளி, நிஜ மாவு மில்லுக்குப் போகிற சரக்குப் பாதை நடுத்தெருவிலேயே ஓடுகிறதே, அதில் பள்ளமே கிடையாது என்று நான் சத்தியம் செய்தேன். இருக்கிறது என்றார். இல்லை என்றேன். "வாய்யா காட்டுறேன்" என்று எழுந்தார். நான் முன்னால், அவர் பின்னால். வாசற்படி எப்போது தாண்டினார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முனை திரும்பிய பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு.

மில் தெருவில் நட்ட நடுவில் இரண்டு பேரும் குந்தினோம். உன் அப்பா தண்டவாளத்தின் ஓரத்தில் விரலை விட்டுக் காட்டினார்; இரண்டு விரல் ஆழத்துக்குப் போயிற்று. கொஞ்சம் இருக்கிறது என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். அதற்குள் எங்களுக்குப் பின்னால் பதினேழு லாரி நின்றுவிட்டது. முதல் லாரிக்காரர் தலையை நீட்டி, "என்ன பெரியவரே, ரோட்ட அளந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறீங்களா?" என்றார். உன் அப்பா நிமிர்ந்து, "ஆமா தம்பி, பாதி போட்டாச்சு, மீதிக்குத்தான் வந்தோம்" என்றார் பார், தெருவே சிரித்தது, அவரும் சிரித்தார். மருமகளே, இந்த இடத்தில் நான் ஒன்றும் சேர்த்து எழுதவில்லை. அவர் சிரித்தார்.

திரும்பி வந்து உடைந்த ரம்பத் துண்டால் பள்ளம் கீறினோம். நான் கீற, உன் அப்பா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தொழில் நுணுக்கம் கற்றுக்கொள்ள வேறு வழி ஏது? இப்போது ரயில் யார்டிலிருந்து கிளம்பி, தெரு நடுவே, பேக்கரியை உரசாமல், மில்லுக்குப் போய் வருகிறது. சாக்கடை மூடி எந்த வடிவம், நடைபாதை எத்தனை விரல் உயரம் என்று பார்க்க உன் அப்பா தினமும் என்னை இழுத்துக்கொண்டு வெளியே போகிறார். எல்லாம் நான் முதல் நாளே போட்ட திட்டம். தண்ணீர் விட்டதுகூட.

ஆகையால் நீ பெட்டி கட்டிக்கொண்டு வந்து அவரை அழைத்துப் போக வேண்டாம். பலகையைப் பிரிக்கவும் வேண்டாம். பூச்சு இறுகிவிட்டது, இனி அது பிரியாது. என் பொறுப்பில் அவர் பத்திரம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல பெயர் எடுத்து, நூறு வயது வாழ வாழ்த்துகிறேன். கடிதத்தைத் தானே தபாலில் போடுவதாக உன் அப்பா கேட்கிறார். உறையை ஒட்டாமல் கொடுக்கிறேன், எச்சில் அவர் தொட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் மாமா

பின்குறிப்பு: இது அப்பா. தபால் பெட்டியின் தலையில் வைத்து எழுதுகிறேன், நிற்க நேரமில்லை. லாரி ஒன்றுதான். தெரு போடும் யோசனை என்னுடையது. ரயிலுக்குத் தெரு தேவையே இல்லை, அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்குக் கை நடுக்கம் வந்து நாலு மாதமாகிறது, வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நம் வீட்டுக்கும் வருவதை நிறுத்திவிட்டார். கொத்தனாரைக் கூப்பிட வேண்டுமென்றால் ஏதாவது பூச்சு வேலை இருக்க வேண்டும் அல்லவா? அந்த மில் பாதையில் நான் எத்தனை வருடம் வேகன் தள்ளியிருக்கிறேன், பள்ளம் எவ்வளவு என்று போய் அளந்தா தெரிய வேண்டும்? வெளியே போக எனக்கும் மனம் வரவில்லைதான். ஆனால் அவரைத் தனியாக அனுப்ப அதைவிட மனம் வரவில்லை. அழைத்துப் போக வராதே. பார்க்க வா. வரும்போது ஒரு கரண்டுப் பெட்டி வாங்கி வா, பழையது செத்துவிட்டது. இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடாதே. இப்போதும் தெருமுனையில் நின்று, வானத்தைப் பார்க்கிற மாதிரி, நான் ஒழுங்காகப் போடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.