ஜட்ஜ் கேட்ட துரு

“பெயிண்ட் கியிண்ட் அடிச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் கிளம்ப மாட்டேன்,” என்றது போன். “பழசை வாங்கி என் கையாலயே புதுசாக்கறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. போட்டோவில இருக்கிற துரு, கீறல், நெளிசல் எல்லாம் அப்படியே இருக்குதானே?”

லிஃப்ட் மெக்கானிக் படுக்கையறைச் சுவரைப் பார்த்தார். அவருடைய பழைய சைக்கிள் ஃபிரேம் கரும்பச்சையில் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. துரு மருந்துக்குக்கூடக் கிடையாது.

“அப்படியே இருக்கு சார்.” வாய் முந்திக்கொண்டுவிட்டது.

“சரி, மதியம் வரேன். நான் ரிட்டையர்டு ஜட்ஜ். பொய் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

போனை வைத்தவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏம்மா, விளம்பரத்துல எந்தப் போட்டோவைப் போட்டே?”

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “என் போன்ல இருந்ததைத்தான். நீங்க அதைத் தூக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு எடுத்தது.”

“அடிப்பாவி! அது நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததாச்சே!”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாதாங்க தெரியுது. அப்பவும் சக்கரம் இல்ல, இப்பவும் சக்கரம் இல்ல.”

அது என்னவோ உண்மைதான். அந்தக் காலத்து ஸ்டீல் ஃபிரேம் அது, வெறும் எலும்புக்கூடு. லிஃப்ட் பழுதுபார்க்கப் போன ஒரு கட்டடத்தின் பின்பக்கம் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தார். மழைக்காலம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து துருவைச் சுரண்டினார். நெளிசலில் பட்டி வைத்து அடைத்தார். பூச்சுக்கு மேல் பூச்சாகப் பெயிண்ட் அடித்தார். சொந்தக் கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. அதைச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து தினமும் காலையில் டீ கிளாஸோடு அதன் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

இப்போது விற்க வேண்டிய கட்டாயம். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கலாம் என்று மனைவி தையல் மெஷின் வாங்கியிருந்தாள். இன்று சாயங்காலம் வருகிறது. “இரும்பு மேஜையோட வருதுங்க. ரெண்டு ஆள் சேர்ந்துதான் தூக்கணும். அந்தச் சுவரோரம் முழுசா வேணும்,” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருப்பது ஒரே படுக்கையறை. அவள் கேட்பதும் நியாயம்தான். அதனால்தான் அவர் சம்மதித்தார்.

ஆனால் மெஷின் வருவதற்குள் ஃபிரேம் விற்கவில்லை என்றால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. அதை மட்டும் மெக்கானிக்கால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இரும்புக்காரர் கண்ணெதிரிலேயே சம்மட்டியால் மடக்கிச் சாக்கில் போடுகிற ஆள்.

“ஜட்ஜுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிடட்டுமா?”

“தாராளமா சொல்லுங்க. அவர் வர மாட்டார். இரும்புக்காரர் வருவார்.”

மெக்கானிக் உப்புத்தாளை எடுத்தார்.

முதல் கீறலுக்கே கண்ணில் நீர் முட்டியது. “என்னை மன்னிச்சிடுடா கண்ணு,” என்று ஃபிரேமிடம் சொன்னார்.

“தடவிக் குடுத்தா கீறல் விழுமா? இங்க குடுங்க.” மனைவி வாங்கி, பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் தேய்த்தாள். பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆனால் உள்ளேயிருந்து ஸ்டீல் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

“போச்சு! முன்னைக்கு இப்பத்தான் புதுசா இருக்கு!”

“பதறாதீங்க. செங்கல் பொடியைக் கோந்துல குழைச்சு, டீ டிகாஷன் ஊத்திப் பூசினா அசல் துருதான்.”

“உனக்கு எப்படி இதெல்லாம் தோணுது?”

“புருஷன் கஷ்டப்படறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?” என்றபடி அவள் கலக்க ஆரம்பித்தாள். இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் உருகிப்போனார்.

பூசியதும் ஃபிரேம் சேற்றில் புரண்ட எருமை மாதிரி ஆனது. மின்விசிறியடியில் வைத்தும் காயவில்லை. அதற்குள் அவள் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். “மேல் குழாய்ல ஒரு நெளிசல் இருக்கு பாருங்க. ஜட்ஜ் கேட்டாரே.”

“சுத்தியாலா? என் கையாலயா?”

“இரும்புக்காரரை நினைச்சுக்கிட்டு அடிங்க.”

நினைத்துக்கொண்டார், கண்ணை மூடினார், ஓங்கி ஒரு போடு போட்டார். கண்ணைத் திறந்தபோது நெளிசல் பிரமாதமாக விழுந்திருந்தது. ஆனால் போட்டோவில் இருந்தது வலது பக்கம். இவர் அடித்தது இடது பக்கம்.

“பரவாயில்ல, அந்தப் பக்கமும் ஒண்ணு போடுங்க,” என்றாள் அவள்.

போட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது.

ஜட்ஜ் கைகுலுக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே ஃபிரேமிடம் போனார். மெக்கானிக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போலவே இருந்தது.

“போட்டோவில ஒரு நெளிசல்தானே இருந்துது?”

“இந்தப் பக்கம் போட்டோ எடுக்கலைங்க சார்,” என்றாள் மனைவி.

ஜட்ஜ் விரலால் தொட்டார். விரல் செவசெவ என்று வந்தது. “துரு ஏன் ஈரமா இருக்கு?”

“ஜன்னல் வழியா சாரல் அடிக்கும் சார்.”

மோந்து பார்த்தார். “டீ வாசனை வருதே.”

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவி அசரவில்லை. “இவர் தினமும் டீயை இதுக்குப் பக்கத்துல நின்னுதான் சார் குடிப்பார். பேச்சு சுவாரசியத்துல சிந்திடும்.”

“யார்கூடப் பேச்சு?”

“இதுகூடத்தான்.”

ஜட்ஜ் பூதக்கண்ணாடியை இறக்கி மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே தள்ளிவிடுவாரோ என்று இவர் நைசாக மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“பேசினா மட்டும் போதுமா?” என்று ஜட்ஜ் வெடித்தார். “எப்பேர்ப்பட்ட சாமான்! இதை இந்தக் கதியில வெச்சிருக்கீங்களே, மனசாட்சி வேண்டாம்? ஒரு நல்ல கை பட்டிருந்தா ராஜா மாதிரி இருந்திருக்கும். நான் எடுத்துக்கறேன். இனிமே ஒரு நாள்கூட இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது.”

திட்டியது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் ஃபிரேம் பிழைத்துவிட்டது. காரின் பின்சீட்டில் அது படுத்துக்கொண்டு போவதைத் தெருமுனை வரை பார்த்துவிட்டு, மெக்கானிக் மூக்கைச் சிந்தினார்.

“என்னவோ, உனக்கு ஒரு வழி பிறந்தா சரி,” என்றார் மனைவியிடம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செங்கல் பொடியைக் கூட்டினாள்.

சாயங்காலம் மெஷின் கடை வண்டி வந்தது. மெக்கானிக் கட்டிலை நகர்த்தினார், கதவை அகலத் திறந்து வைத்தார், தூக்குவதற்கு எதிர்வீட்டுக்காரரையும் கையோடு அழைத்து வந்தார். இருவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்கள்.

கடைப் பையன் ஒரு கையில் அட்டைப்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு படியேறி வந்தான்.

“மேஜை எங்கேப்பா?” என்றார் மெக்கானிக்.

“மேஜையா? கட்டிலுக்கு அடியிலயே தள்ளிடலாம்னுதானே சார், அக்கா இந்தக் குட்டி மெஷினாப் பார்த்து வாங்கினாங்க!”