நீர்யானையின் கழுத்தில் கட்டிய விளக்குகள்

இனிமேல் என் மனைவியின் பின்னால் ஓடுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தீர்மானித்தேன். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், என் ஆயுளில் நானாக எடுத்த தீர்மானம் அது ஒன்றுதான்.

நானும் என் மனைவி கமேனேயும் நைரோபியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் எடுக்கிற கம்பெனி. படத்தில் வருகிறவர்களை அவள் ஆட்டி வைப்பாள். நான் வெளிச்சம் போடுவேன். அதாவது, ஆபீசில் பாத்திரங்களை அவள் பார்த்துக்கொள்வாள். வீட்டில் பாத்திரங்களை நான் பார்த்துக்கொள்வேன்.

அப்போது எடுத்துக்கொண்டிருந்த தொடரின் கதாநாயகி ஒரு நீர்யானை. பெயர் கிபோகோ. மட்டாட்டு என்கிற மினி பஸ் வண்டியில் கண்டக்டர். வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுவாள். முகம் தெரிவதற்கு அவளுக்கு முன்னால் ஒரு விளக்கு. உருவம் சுவரோடு ஒட்டிப்போகாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கு. படத்தில் வெளிச்சம் தெரியும், விளக்கு தெரியாது. விளக்கு வைத்தவன் சுத்தமாகத் தெரியமாட்டான்.

ஒரு காட்சிக்கு அழகாக வெளிச்சம் போட்டு முடித்து நிமிர்வேன். பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வரும்.

"பாபா மூமோ!"

மூமோ எங்கள் மகள். அவளுக்கு அப்பாவானதிலிருந்து கிலோன்சோ என்ற என் பெயரைக் கமேனே மறந்துவிட்டாள்.

"என்ன?"

"கண்டக்டரைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கேன்."

"கொஞ்சம்னா?"

"வண்டியிலேருந்து குதிச்சு ரோட்டைத் தாண்டிட்டா."

"வாசல்லயே நிக்கட்டும்னு நேத்துதானே சொன்னே?"

"நேத்து அவளுக்குக் கோபம் வரலை. இப்ப ஒருத்தன் அவ தொப்பியைப் பிடுங்கிட்டு ஓடறான். நிப்பாளா?"

நீர்யானை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டில் நிற்கும். என் விளக்குகள் இந்தப் பக்கம் காலி வாசலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்து நாலு ஃபிரேம். கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி முடிக்க மூன்று நாள்.

தீர்மானம் எடுத்த அரை மணியில் காரியம் முடிந்தது. இரண்டு விளக்குகளையும் நீர்யானையின் கழுத்தோடு கட்டிவிட்டேன். கம்ப்யூட்டரில்தான், கயிறு கண்ணுக்குத் தெரியாது. இனி அவளை மொம்பாசா வரைக்கும் ஓட விட்டாலும் விளக்கு தானாகக் கூடவே போகும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் முதலாளி மேடம் செபெட் மிச்ச நேரத்துக்கு வேறு வேலை கொடுத்துவிடுவார். ஆகவே வழக்கம்போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமையும் வரணும் போலிருக்கு" என்றேன்.

"ஐயோ பாவம்!" என்றாள் கமேனே. "அப்ப அம்மா வீட்டுக்கு நானும் மூமோவும் மட்டும் போயிட்டு வரோம்."

மூன்று சனிக்கிழமைகள். கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி, ஆட்டுக்கறி சுட்டுத் தருகிற கடை. சுவர் முழுக்க டிவி. டிவி முழுக்கக் கால்பந்து. சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டே வீடு திரும்புவேன்.

"கண்ணெல்லாம் செவந்து போச்சே!"

"நாள் பூரா வெளிச்சத்தையே பார்த்தா?"

"உக்காருங்க, சாயா குடிங்க. இன்னிக்குப் பாத்திரத்தை நானே கழுவிடறேன்."

கறிக்கடை அடுப்புப் புகைக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் கல்யாணமான மறுநாளே ஆரம்பித்திருப்பேன்.

நாலாவது வாரம் டிவிக்காரர்கள் படம் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. மேடம் செபெட் எங்களைக் கூப்பிட்டார். "அவங்களுக்குப் பிடிச்சா ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். பிடிக்கலைன்னா கம்பெனியை மூட வேண்டியதுதான். பிடிச்சா, உங்கள்ல ஒருத்தரைத் தலைமையாப் போடறேன்."

தலைமை! கமேனே எனக்கு முன்னால் கைகட்டி நிற்பது போலவும், நான் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காதது போலவும் கற்பனை செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மெதுவாகச் சொன்னாள். "கடைசியா கண்டக்டர்ல சின்னதா ஒரு மாற்றம்..."

"எவ்வளவு வேணும்னாலும் மாத்திக்கோ!"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"உனக்காகக் கஷ்டப்படாம வேற யாருக்காகக் கஷ்டப்படப் போறேன்?"

ஒரு கணம் என்னையே பார்த்தாள். அன்பு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அந்தக் காட்சியைத் திறந்துகூடப் பார்க்காமல், படத்தைத் தயார் செய்யும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டுவிட்டுக் கறிக்கடைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை படம் ஓடியது. கிபோகோ குதித்தாள், விளக்கும் குதித்தது. ஓடினாள், விளக்கும் ஓடியது. நான் தலையை ஆட்டி ரசித்தேன். தொப்பித் திருடனைப் பிடிக்க அவள் மூன்று குட்டிக்கரணம் போட்டாள்.

கழுத்து சுற்றியது. கழுத்தோடு விளக்குகளும் சுற்றின. முன்விளக்கு தார் ரோட்டுக்கு அடியில் போய்ப் புதைந்தது, முகம் கும்மிருட்டு. பின்விளக்கு தலைக்கு மேலே ஏறியது. நீர்யானையின் பின்புறம் உச்சிவெயிலில் பளபளத்தது. பகல், இரவு, பகல், இரவு. எழுந்து நின்றபோது அவளுக்கு மூன்று நாள் வயது கூடியிருந்தது.

டிவிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கிலோன்சோ," என்றார் மேடம் செபெட். "ஒவ்வொரு ஃபிரேமா கையால நகர்த்தினேன்னீங்களே. ரோட்டுக்கு அடியிலயும் கையை விட்டா வச்சீங்க?"

கமேனே எழுந்தாள்.

"மேடம், தப்பான பிரதி ஓடிடுச்சு. சரியானது இதோ."

ஓட்டினாள். அதே குட்டிக்கரணம். ஆனால் விளக்குகள் நல்ல பிள்ளைகளாகப் பக்கத்திலேயே நடந்து வந்தன, சுற்றவில்லை. கிபோகோ தலைகீழாகப் போனபோதுகூட அவள் கோபம் தெளிவாகத் தெரிந்தது. டிவிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவ போற இடத்துக்கு விளக்கும் போகணும். அவ திரும்பறப்ப திரும்பக் கூடாது. அவ்வளவுதான் மேடம். இருபது நிமிஷ வேலை."

"இருபது நிமிஷமா?" மேடம் செபெட் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சது அவர்தான் மேடம்," என்றாள் கமேனே பெருந்தன்மையாக. "பாதி."

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் வாரமே. கண்டக்டரை நகர்த்தினேன், விளக்கும் கூடவே வந்தது. அந்தச் சனிக்கிழமை நீங்க வீட்டுக்கு வந்தீங்க, ஆட்டுக்கறி வாசனையும் கூடவே வந்தது."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

ஒப்பந்தம் கிடைத்தது. கம்பெனி பிழைத்தது. கமேனேதான் தலைமை. தனி அறை, கண்ணாடிக் கதவு. நான் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

போன வாரம் தட்டினேன். இரண்டு நாள் விடுப்பு கேட்டு, பணிவன்புடன் என்று முடித்து ஒரு கடிதம் எழுதி நீட்டினேன். முழுவதும் படித்தாள். மடித்து மேஜையில் வைத்தாள்.

"வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்றாள்.