தேனப்பக் கரடி வரிசையில் நின்ற கதை

ஒரு காட்டில், அரசே மதுக்கடை நடத்திவந்த ஒரு காட்டில், தேனப்பன் என்றொரு கரடி வாழ்ந்தது. தேனெடுப்பது அதன் தொழில். முதலில் மரத்திலிருந்து இறங்கிய பிறகு, உடம்பு வலிக்கிறதென்று குடித்தது. அப்புறம் கை நடுங்குகிறதென்று, ஏறுவதற்கு முன்பே குடித்தது. கடைசியில் ஏறுவதை விட்டுவிட்டுக் குடித்தது. இதற்குள் நான்கு மழைக்காலங்கள் போயின. ஒவ்வொன்றிலும், "நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டது.

அதன் மனைவி அங்கம்மாள் ஒருநாள் குகை வாசலை மறித்தது.

"மீட்பு நிலையத்துக்குப் போ. குணமாகிவிட்டாய் என்று முத்திரை போட்ட தாள் கொண்டுவந்தால் உள்ளே வா. இல்லையென்றால் இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

"தாள் எதற்கு? என் வார்த்தை போதாதா?"

"போன மழையில் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாயே. இன்னும் வலிக்கிறது."

கருணையுள்ள அரசல்லவா? மதுக்கடையை ஒட்டியே மீட்பு நிலையத்தையும் கட்டியிருந்தது. ஒரே சுவர், ஒரே கூரை. கடையில் எட்டு கவுன்டர், காத்திருக்கவே வேண்டாம். நிலையத்தில் ஒரே கவுன்டர். அதன் முன்னால் நாற்பது விலங்குகள்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. ரேஷன் கடையில் செய்வதுபோலக் கல்லை வைத்து இடம் பிடிக்கக் கூடாது. நகர்ந்தவர் கடைசிக்குப் போக வேண்டும். சட்டம் போட்டது அரசல்ல, நின்றவர்களே. ஆகவே அது அமலில் இருந்தது.

வரிசையில் நின்ற முதல் மூன்று நாள் கரடிக்கு வேர்த்தது, வாந்தி வந்தது, மரங்களெல்லாம் தன்னைத் திட்டுவதுபோல் காதில் கேட்டது.

"ஒரு நிமிஷம் கடைக்குப் போய்வரட்டுமா?"

"தாராளமாய்ப் போ அண்ணே," என்றது பின்னால் நின்ற கழுதை. "எனக்கு ஓர் இடம் மிச்சம்."

"உனக்கு ஆசை வரவில்லையா?"

"வராமலா? உன்னை முன்னே விட்டுவிட்டுப் போக மனசில்லை. அதனால்தான் நிற்கிறேன்."

இப்படிப் பொறாமையால் ஒன்றையொன்று காத்தபடி விலங்குகள் நின்றன. கரடிக்குக் கை நடுக்கம் அடங்கியது, பசி திரும்பியது. மனைவியின் தேன்சட்டியை விற்றுக் குடித்ததை முதன்முதலாகச் சொல்லி அழுதது. கழுதையும் தன் கதையைச் சொன்னது. அது இன்னும் கேவலமாக இருந்ததால் கரடிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இருபத்தேழாம் நாள் கரடி கவுன்டரை அடைந்தது. குமாஸ்தா நரி படிவத்தை எடுத்தது.

"கையை நீட்டு. நடுங்கவில்லையே? வாயை ஊது. வாடையில்லையே? யோவ், நீ குடிகாரனே இல்லை. குடிகாரனைத்தான் சேர்ப்போம்."

"குணமாகிவிட்டேன் ஐயா. அதற்குத் தாள் கொடுங்கள்."

"இங்கே சேராமல் எப்படிக் குணமாவாய்? பக்கத்தில் ரெண்டு ஊற்றிக்கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறேன்."

கரடி கடையைப் பார்த்தது. குடித்தால் தாள். தாள் கிடைத்தால் வீடு. ஓரடி எடுத்தும் வைத்தது. பிறகு திரும்பி, வரிசையின் கடைசியில் போய் நின்றது.

சேதி கேட்டு அங்கம்மாள் ஓடிவந்தது. கணவனின் வாயை முகர்ந்தது. கையைப் பிடித்துப் பார்த்தது.

"தாள் எங்கே?"

"தரமாட்டார்களாம்."

"தொலையட்டும். வா வீட்டுக்கு."

"வழியில் மூன்று கடை இருக்கிறது அங்கம்மா."

அங்கம்மாள் குகைக்குப் போய்ப் பாயும் அடுப்பும் தூக்கிவந்து கரடிக்குப் பின்னால் நின்றது.

கழுதை உட்பட, நரி திருப்பியனுப்பிய விலங்குகளெல்லாம் இப்படியே கடைசியில் போய் நிற்க, வரிசை நீண்டு மதுக்கடையில் விற்பனை சரிந்தது. சிங்கராஜா நேரில் வந்து, வரிசையைக் கண்டு கண்ணீர் விட்டது. "என் மக்களை இப்படி வெயிலில் வாட்டலாமா?" அன்றே கவுன்டரை மூடி, 'இனி வீட்டிலிருந்தே செல்போனில் பதியலாம்' என்று பலகை மாட்டச் சொன்னது.

அரைமணி நேரத்தில் வரிசை கலைந்தது. சில விலங்குகள் செல்போன் தேடிப் போயின. மற்றவை கடைக்குள் போயின. கழுதை கடை வாசல்வரை போய்விட்டது. மூடிய கவுன்டர் முன்னால் கரடியும் அங்கம்மாளும் மட்டும் நின்றன.

"மூடியாகிவிட்டதே, இன்னும் எதற்கு நிற்கிறாய்?" என்று ஜன்னல் இடுக்கில் கேட்டது நரி.

"நீ பாட்டுக்கு மூடிக்கொள். எனக்கு முன்னால் யாருமில்லை, முதல் இடம். இதை விட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?"

அது கழுதையின் காதில் விழுந்தது. பொறாமை தாங்காமல் ஓடிவந்து அங்கம்மாளுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

நீதி: குடியை விட விரும்புவோர் அரசின் உதவியை நாடுக, அது கிடைக்காமல் இருக்கும்வரை உயிர்பிழைக்கலாம்.