என் கடைக்கு நான் வருகையாளனா?

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷமாக நான் நடத்தும் பெல்ட், பேரிங் கடையில், நீங்கள் கொண்டுவந்து ஏற்றிய மென்பொருள் என்னை 'வருகையாளர்' என்று எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை என் மேஜையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பதவி கொடுத்தீர்கள். நீங்கள் தலைமை நிர்வாகி. என் மகள் நிர்வாகி. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர், எதையும் ஆற அமரச் செய்வதால் நாங்கள் 'நிதானம்' என்று கூப்பிடுகிறவர், இருப்பு அதிகாரி. என்னிடம் கைபேசி எண்ணும் பிறந்த தேதியும் கேட்டீர்கள். என் கடையில் நான் யார் என்று ஒரு பெட்டிக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். விவரம் தராதவர்களை எல்லாம் அந்தப் பெட்டி தானாகவே வருகையாளர் ஆக்கிவிடும் என்று யார் எனக்குச் சொன்னது? நீங்கள் சொன்னதாக என் மகள் சொல்கிறாள். நான் காதில் வாங்காதபோது அது எப்படிச் சொன்னதாகும்?

போன செவ்வாய்க்கிழமை சலவைக்கடை அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். மருத்துவமனையின் அறுபது படுக்கை விரிப்புகள் இயந்திரத்துக்குள் நனைந்து கிடக்க, பெல்ட் அறுந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் துவைத்துக் கொடுக்காவிட்டால் மருத்துவமனை வேலையே கைவிட்டுப் போய்விடுமாம். அவருக்கு வேண்டிய பெல்ட் என் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எட்டிக் கழற்றப் போனேன். நிதானம் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர் சீட்டு இல்லாம எடுத்தா கையிருப்புக் கணக்கு உதைக்கும்."

"அப்ப சீட்டப் போடுய்யா!"

"நீங்க கேட்டா வராதுங்க. வருகையாளர் பாக்கலாம், எடுக்க முடியாது. அனுமதி கேட்டு அனுப்பிருக்கேன்."

அனுமதி யாரிடம் போயிற்று? முதலில் என் மகளிடம். அவள் கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து உங்களிடம் போயிற்று. நீங்கள் விமானத்தில் பறந்துகொண்டிருந்தீர்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அனுமதி இருந்தது.

அந்தம்மா பொறுமை இழந்துவிட்டார். "என்னங்க இது கூத்து? அவரு வருகையாளர்னா, நான் யாரு?"

நிதானம் திரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வாடிக்கையாளர்ம்மா. ஐயாவவிட உங்களுக்கு உரிமை ஜாஸ்தி. உங்க போன்லயே கேக்கலாம்."

கேட்டார். கண் மூடித் திறப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது. பெல்ட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி என்னைப் பார்த்து, "இனிமே ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க, நான் வாங்கித் தரேன்," என்றார். என்னிடம்! என் கடையில்!

மறுநாள் எனக்கு ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டது. யாரிடமும் போய்க் கெஞ்சப் பிடிக்கவில்லை. நானும் வாடிக்கையாளராகப் பதிந்துகொண்டேன். கைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் கொடுத்தேன். அது மரியாதையாகக் கேட்டது, உங்களைப் போல அவசரப்படுத்தவில்லை. உடனே ஒரு செய்தி வந்தது: 'புதிய வாடிக்கையாளரே, வருக! எங்கள் கடையை எப்படி அறிந்துகொண்டீர்கள்?' நண்பர் மூலம், விளம்பரம் மூலம், அந்த வழியாகப் போனபோது என்று மூன்றே விடைகள். கடையை வைத்ததே நான்தான் என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. எவ்வளவு நேரம்தான் தேடுவது? அந்த வழியாகப் போனபோது என்று குறித்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன்.

ஆகவே செய்ய வேண்டியவை: நீங்கள் இந்த மாதம் முடிவதற்குள் அந்த மென்பொருளை அடியோடு அழிக்க வேண்டும். என் மகள் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்ட வேண்டும். நிதானம் ஆணிக்கு ஆணி ஒட்டியிருக்கும் எண் சீட்டுகளைக் கிழித்தெறிய வேண்டும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தவறு என் பக்கம் இல்லை.

வெளியூரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நல்ல பசியும், நல்ல தூக்கமும், பெரியவர் பேச்சைக் கேட்கும் காதும் அமைய வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கடையை வைத்தவன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது எதிர்க்கடைக்காரன் வந்தான், நமக்குப் போட்டியாக பெல்ட் விற்கிறவன். "கம்ப்யூட்டரெல்லாம் நம்ம வயசுக்குச் சரிப்படாதுண்ணே, தூக்கிப் போட்டுருங்க," என்றான். எனக்கு வந்ததே கோபம். "உனக்குச் சரிப்படாது. இது நானே தேடிப் புடிச்சுக் கொண்டாந்தது. நான் அனுமதி குடுக்காம ஒரு வாஷர் வெளிய போகாது," என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதை நேரில் பார்க்க வருகிறானாம். ஆகவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் வியாழனுக்குள் என்னை உங்களுக்கும் மேலே ஒரு பதவியில் ஏற்ற வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் உண்டாக்க வேண்டும். என் மகள், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யாரும் பார்க்காத நேரத்தில் எனக்குச் சொல்லித்தர வேண்டும். நிதானம் வெள்ளிக்கிழமை முழுக்க என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும்.